மூத்தவர் எழும் வரை

கிளம்ப வேண்டிய ஐவரில் நால்வர் புறப்பாட்டுக் கூடத்தில் தத்தம் பெட்டிகளின்மேல் உட்கார்ந்துவிட்டோம். ஓடுபாதை அதிகாரி அர்க்காதி செமனொவிச் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

உக்ரைனில் நாங்கள் பயணத்துக்கு முன் சிறிது நேரம் பேசாமல் உட்காருவோம். வயதில் மூத்தவர் எழுந்த பிறகே மற்றவர்கள் எழலாம். உட்கார்ந்தவர் கிளம்பியே ஆக வேண்டும்.

ஆகவே அவர் உட்கார மறுத்தார்.

கூரையின் ஒரு பகுதி முந்தைய நாளே போயிருந்தது. பீரங்கிச் சத்தம் இப்போது சரக்குக் கிடங்கின் பக்கமிருந்து கேட்டது. எங்களை ஏற்றிப்போக வந்த வேனின் ஓட்டுநர் வெளியே ஹாரன் அடித்தார்.

எங்கள் விமான நிலையம் மூன்று முறை திறந்துவைக்கப்பட்டது. முதலில் வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானங்களுக்காக, அடுத்து கீவ் செல்லும் பயணிகளுக்காக, கடைசியாகப் புதிய கண்ணாடிச் சுவருக்காக. மூன்று முறையும் பாண்டு வாத்தியம் இருந்தது. மூடுவது எப்படி என்று எவரும் எங்களுக்குத் தெரிவித்திருக்கவில்லை.

"வண்டியில எடம் இருக்கு, அர்க்காதி செமனொவிச்," என்றார் அறிவிப்பாளர் ஸோயா மிஹைலிவ்னா.

"விமானம் வந்தா யாரு விளக்குப் போடுறது?"

"உங்க ஓடுபாதையில உருளைக்கிழங்குதான் நடலாம். அவ்வளவு பள்ளம்."

"மூணே பள்ளம். சுத்திக் கொடி நட்டு வச்சிருக்கேன்."

வானிலைப் பிரிவைச் சேர்ந்த நான், இங்கே தங்குபவர் நாளைக் காலை உயிருடன் இருப்பது ஐயமே என்பதை மிகுந்த தயக்கத்துடன் தெரிவித்தேன். அவர் எனக்கு நன்றி கூறினார்.

பிறகு, என்ன நினைத்தாரோ, உட்கார்ந்தார்.

எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் எழவில்லை. உடைந்த கண்ணாடி வழியாக ஓடுபாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களில் மூத்தவர் அவர்தான். சரக்குக் கிடங்கு ஒருமுறை குலுங்கிற்று. முறையை மீறிக் கிளம்ப எங்களில் எவருக்கும் துணிவில்லை.

ஸோயா மிஹைலிவ்னா எழுந்தார்.

எழுந்து, தம் கோட்டைக் கழற்றி மடித்து, பயணச்சீட்டு மேசையின்மேல் வைத்தார்.

"சரி, நானும் இருக்கேன். சாப்பிட என்ன வச்சிருக்கீங்க?"

"உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பு ஒரு துண்டு இருக்கு."

"ரொட்டி?"

"இல்ல."

"வெங்காயமாவது?"

"ஒரு ஆளுக்குத்தான் வச்சிருந்தேன்."

"பாதிப் பாதி சாப்பிடுவோம். கத்தியை எடுங்க."

அவர் கத்தியை எடுக்கவில்லை. ஸோயா மிஹைலிவ்னா நாற்காலியை இழுத்துப் போட்டு, அதிலிருந்த கண்ணாடித் தூளைக் கைக்குட்டையால் துடைக்கத் தொடங்கினார். நெடுநாள் தங்கப்போகிறவரைப் போல, மூலைமுடுக்கெல்லாம் துடைத்தார்.

அர்க்காதி செமனொவிச் எழுந்தார்.

"கோட்டைப் போடு, ஸோயா."

மூத்தவர் எழுந்துவிட்டபடியால் நாங்களும் முறைப்படி எழுந்தோம்.

வேனில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள்.

அந்த விமான நிலையத்திலிருந்து அவர்கள் ஒன்றாகக் கிளம்பியது அன்றுதான் முதல் முறை. அவர்களுடைய மணவிலக்கு வழக்கில் சாட்சி சொன்னவன் என்ற முறையில், இதை என்னால் உறுதியாகக் கூற இயலும்.