எது லேசு

இரண்டு உறைகளையும் மேசைமேல் வைத்துவிட்டு, எதைப் போடலாம் என்று கேட்டார் மதுரையிலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் சுந்தரபாண்டியன்.

ஒன்றில் ஐந்து பிளாப்பி. இன்னொன்றில் ஒன்றே ஒன்று. இரண்டும் பஞ்சுப் பொதி இருப்பைச் சொல்லும் புரோகிராம்கள்தான்.

எஸ்தர்ராணி வேலைக்குச் சேர்ந்து அன்று நாலாவது நாள். கோவில்பட்டிப் பஞ்சு வியாபாரி இராமச்சந்திரன் வாங்கியிருந்த கம்ப்யூட்டர் ரொம்பச் சின்னது. நினைவகம் இருநூற்றைம்பத்தாறு கே.பி. பெரிய புரோகிராம் எதையும் அது தாங்காது.

"நம்ம மெஷின் தாங்குத மாதிரி லேசானதாப் பாத்துப் போடும்மா," என்றார் முதலாளி. "இன்னைக்கு ஓடலைன்னா சாயங்காலம் இவிய வந்த வேன்லயே ஏத்தி அனுப்பிருவேன்."

மெஷின் போனால் அவள் வேலையும் போகும்.

அப்போது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்த எஸ்தர்ராணி, சட்டென்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரையில் ஒன்றுமே இல்லை.

"என்ன தராசண்ணாச்சி, இங்கன?" என்றார் முதலாளி.

வற்றல் கமிஷன் கடையில் எடை போடுகிறவர். வேட்டியெல்லாம் மிளகாய்த் தூசி. மூட்டையைத் தொட்டுத் தூக்கியே எடை சொல்லிவிடுவார் என்பதால் தெருவுக்கே அவர் தராசுதான். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

அவர் எஸ்தர்ராணியின் முதுகைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார்.

"சும்மாதான் முதலாளி. புது மெஷின் வந்திருக்காம்லா, பாத்துட்டுப் போலாம்னு."

"சரியான ஆளுதான் வந்திருக்காரு," என்று சிரித்தார் சுந்தரபாண்டியன். "பெரியவரே, இந்த ரெண்டுல எது லேசு? சொல்லுங்க பாப்போம்."

கேலி என்று அவருக்குப் புரியவில்லை. கையிலிருந்ததைச் சுவரோரத் திண்டில் வைத்தார். கைகளை வேட்டியில் துடைத்தார். உள்ளங்கைக்கு ஒன்றாக உறைகளை வாங்கிக்கொண்டு, ஜெபத்தில் நிற்பவர்போலக் கண்ணை மூடி நின்றார்.

"இதுதான் சார் லேசு." ஒற்றைப் பிளாப்பியை நீட்டினார்.

"மூட்டைன்னா சாக்கு எடையைக் கழிப்பிய, உறைக்குக் கழிவு உண்டா அண்ணாச்சி?" என்று முதலாளி கேட்க, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தவள் எஸ்தர்ராணி.

"கம்ப்யூட்டர்ல கனம்னா கையில தூக்குத கனம் இல்ல முதலாளி," என்றாள், பெரியவர் பக்கம் திரும்பாமலே. "தராசு பிடிக்கவியளுக்கு அது எங்க தெரியப்போவுது?"

அவர் உறைகளை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார்.

சிரித்த வேகத்தில் அவள் கை ஐந்து பிளாப்பி உறைக்கே போனது. திருநெல்வேலியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள், மிளகாய் நிறுக்கிறவர் சொன்னதையா எடுப்பாள்?

முதல் பிளாப்பி உள்ளே போனது. பிறகு இரண்டாவது. கம்ப்யூட்டர் கரகரவென்று முனகி நின்றது. திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: புரோகிராம் பெரிது, நினைவகத்தில் அடங்காது.

முதலாளியின் முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

அவள் உறையைத் திருப்பினாள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு கே.பி. வேண்டும் என்று பின்புறம் பொடி எழுத்தில் போட்டிருந்தது. படித்தவள் அதைப் படிக்கவில்லை.

ஒற்றைப் பிளாப்பியைச் செருகினாள். இரண்டு மூச்சு நேரம். பொதி எண் என்ன என்று கேட்டபடி திரை பளிச்சென்று வந்து நின்றது.

"அண்ணாச்சி கை பொய் சொல்லாதுல்லா!" முதலாளி தொடையைத் தட்டிக்கொண்டார்.

எஸ்தர்ராணியால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

சுந்தரபாண்டியனுக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்திருக்க வேண்டும். "பெரியவரே, வீட்டுல பிள்ளைங்க இருந்தா இதுக்குப் படிக்க வைங்க," என்றார்.

"ஒரு மக உண்டு சார்." அவர் வாசலுக்கு நடந்தபடியே சொன்னார். "வெளியூர்ல இருக்கா."

செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

மத்தியானத்தில் சேவல் கூவாது. ஆனாலும், வேதத்தில், தன் குருவையே தெரியாதென்று சொன்ன பேதுரு கேட்ட அந்தச் சேவல் எஸ்தர்ராணியின் காதுக்குள் கூவியது.

"இது யாருது, திண்டுல?" என்றார் முதலாளி.

எவர்சில்வர் சோற்று டப்பா. காலை அவசரத்தில் அவள் அடுப்படியிலேயே மறந்துவிட்டு வந்தது.

"என்னுது முதலாளி. எங்கப்பா கொண்டாந்தது."

"ஒங்கப்பாவா?" முதலாளி வாசலை எட்டிப் பார்த்தார். "அவிய எப்ப வந்தாவ?"

எஸ்தர்ராணி போய் டப்பாவை எடுத்தாள். புதுச் சோறு போட்டிருந்தார்; இன்னும் சூடு ஆறவில்லை.

பாத்திரக் கடையில் வாங்கிய அன்றே அதில் 'தே. எஸ்தர்ராணி' என்று பெயர் வெட்டித் தந்திருந்தார்கள். பெயர் இருந்த பக்கத்தை அவர் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்.