பின்வாசல் சேதி

"மன்னிப்புக் கேட்டா வேலை நிலைக்கும், தாயம்மா. இல்லேன்னா நாளைக்கே தகரத்தை ஒப்படைச்சிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்" என்றார் சானிட்டரி இன்ஸ்பெக்டர். அவர் கையில் ஒரு மனு. ராயபுரத்தின் அந்தத் தெருவில் பதினோரு வீடு. மனுவில் பதினோரு கையெழுத்து.

தாயம்மா செய்த குற்றம் இதுதான். பின்சந்து வழியாக வந்து, எடுப்புக் கக்கூஸில் சேர்ந்ததைத் தகரத்தில் அள்ளிக்கொண்டு, பின்சந்து வழியாகவே போக வேண்டியவள், கருப்பட்டி மண்டி அய்யாத்துரையின் முன்வாசல் கதவைத் தட்டிவிட்டாள். தட்டியதோடு விட்டாளா? "மொதலாளி, ஒனக்கு மூணு நாளா கருப்பாப் போவுது" என்று வேறு சொல்லிவிட்டாள்.

"நீரே சொல்லும், இன்ஸ்பெக்டரே! நாலு பேரு மத்தியில பேசுத பேச்சா இது? என் மானம் கப்பலேறிட்டு!" என்று குதித்தார் அய்யாத்துரை. "கருப்பட்டி திங்கவனுக்குக் கருப்பாத்தான் போவும். இவ என்ன டாக்டரா?"

கூடியிருந்த தெரு சிரித்தது.

"கருப்பட்டி தின்னா தார் மாதிரி ஒட்டாது, மொதலாளி. மூணு தபா தண்ணி ஊத்தியும் தகரத்தை வுட்டுப் போவல. வூட்டம்மா ஊருக்குப் போய் பத்து நாளாவுது, வூட்ல நீ ஒருத்தன்தான் கீறே. வவுத்துக்குள்ள ரத்தம் ஒழுவினா அப்படித்தான் போவும். எம் புருசனுக்கும் போச்சு. நான் வாயத் தொறக்கல. எட்டாம் நாளு பொதைச்சோம்."

"சுதந்திரம் வந்தாலும் வந்துச்சு, பின்சந்துக்காரியெல்லாம் முன்வாசலுக்கு வந்துட்டா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"மன்னிப்புக் கேளு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கேக்க மாட்டேன் சார். இருவது வருசமா இந்தத் தெரு வவுத்தைப் பாத்துகினு கீறேன். எந்தப் புள்ளைக்குப் பூச்சி, எந்த வூட்ல பேதி, அல்லாம் இவங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம போயிருந்தா மாப்பு கேப்பேன். ஒன் வேலைய நீயே வச்சிக்கோ."

முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நடந்தாள். நாளைக்கு அடுப்பெரியுமா என்ற கவலை தெருவைத் தாண்டிய பிறகுதான் வந்தது.

மறுநாள் காலை, கடைசியாக ஒரு தரம் அள்ளிவிட்டுத் தகரத்தை ஒப்படைக்க வந்தாள்.

அய்யாத்துரையின் பின்கதவு திறந்திருந்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு, முகம் வெளுத்து, நிலையைப் பிடித்தபடி அவரே நின்றிருந்தார்.

"தாயம்மா... இன்னைக்கு நானே பாத்தேன். நீ சொன்ன மாதிரிதான் இருக்கு. தலை சுத்துது. என்ன செய்ய?"

"இன்னா செய்யவா? ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போ! டாக்டராண்ட தார் மாதிரினு வெக்கப்படாம சொல்லு."

அவளே ஓடிப்போய்க் கைரிக்‌ஷா பிடித்துவந்து அவரை ஏற்றி அனுப்பினாள்.

திரும்பிப் பார்த்தால், பின்சந்தில் மீதிப் பத்துக் கதவும் திறந்திருந்தன. மனுவில் கையெழுத்துப் போட்ட பத்துப் பேரும் தலையை மட்டும் வெளியே நீட்டி, அடுத்த வீட்டுக்குக் கேட்காத குரலில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"தாயம்மா, எங்க வீட்டுது எப்படி இருக்கு?"

தாயம்மா தகரத்தைக் கீழே வைத்தாள்.

"அல்லாரும் முன்வாசலுக்கு வாங்க. அங்க வந்து சொல்றேன்."