நிரந்தரப் பெயர்

ஜீப் ஹாரன் விடாமல் அலறியது. தேயிலைக் கொழுந்துக் கூடைகளோடு மலையேறிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள்.

எழுபத்து நாலு அக்டோபரின் கடைசி நாள். பீர்மேட்டில் காலையிலிருந்தே தூறல்.

எஸ்டேட் கிளார்க் இறங்கி, குடைக்குள் ஒரு காகிதத்தை விரித்தார்.

"இருதயம்மாள்!"

"வந்துட்டேன்யா."

அவள் இறங்கி ஓடினாள். ஏழு வருடமாகத் தற்காலிகக் கணக்கிலேயே கிடந்த பெயர் அது. இந்தத் தடவையும் தவறினால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டில் தகப்பனில்லாத இரண்டு பிள்ளைகள்.

"ஸ்திரமாக்கிட்டாங்க," என்றார் கிளார்க்.

"அப்படின்னா என்னய்யா?"

தெரியாமல் கேட்கவில்லை. காதால் ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டும் போலிருந்தது.

"நிரந்தரம். இனி உன்னை யாரும் அசைக்க முடியாது. வீட்டையும்தான்."

"மகாராணிக்கு இனிமே நம்மளையெல்லாம் கண்ணு தெரியுமாடி?" என்றாள் பின்னாலேயே இறங்கி வந்த ஞானஜோதி. கூடைகள் குலுங்கின. கிளார்க் முன் நின்றவளும் சிரித்தாள்.

சிரித்த வேகத்திலேயே, மூன்று வருடமாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"பேரை மட்டும் மாத்திக்கிட முடியுமாய்யா?"

சிரிப்பு நின்றது. அத்தனை பெண்களும் தரையைப் பார்த்தார்கள். ஞானஜோதி அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

கிளார்க் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மேலாபீஸ் வரைக்கும் போன பேரு. அதைத் தொட்டா வேலையும் போகும், வீடும் போகும். நிரந்தரம்னா பேரும் சேர்த்துதான்."

"சும்மா கேட்டேன்யா."

கட்டை விரலை நீட்டினாள். அவரே மையில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்தினார்.

ஜீப் இறங்கிப் போனது. பெண்கள் மலையேறினார்கள்.

சாயங்காலம் அவள் திரும்பும்போது, கல்லறைத் தோட்டத்துப் பாதையில் கோயில் உபதேசியார் சூசையப்பன் பெயின்ட் டப்பாவோடு வந்துகொண்டிருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் வீட்டில் காய்ச்சல் கண்டு இறந்தவளுக்கு, லயம் மொத்தமும் வாய்மூடி நிற்க, அவர்தான் சிலுவை நட்டுப் பெயர் எழுதியவர்.

"நாளை மறுநாள் கல்லறைத் திருநாள்ம்மா. மழையில எழுத்தெல்லாம் அழிஞ்சு கெடக்கு. வேலைதான் நிலைச்சிருச்சே, இந்த வருஷமாவது சரியான பேரை எழுதிருவோமா?"

அவள் கட்டை விரலில் ஒட்டியிருந்த மையைத் தேய்த்தாள்.

"வேண்டாம் உபதேசியாரே. சந்தனமேரின்னே எழுதுங்க. அக்கா என் பேர்லயே தூங்கட்டும்."