மூன்றாம் வளைவில் ஒரு பிஸ்கட் டப்பா

எட்னா மூன்றாம் வளைவில் மண்டியிட்டு, தேக்கரண்டியால் செந்நிறக் கல்பொடியை அள்ளிப் பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் மண்வாரி இயந்திரம் உறுமியபடி காத்திருக்கிறது. இந்தப் பந்தயத் திடலில் வீடுகள் வரப்போகின்றன. இங்கே வண்டி ஓட்டிய தன் கணவன் ராயின் சாம்பலைப் பதினோரு வருடங்களுக்கு முன் இந்த வளைவில்தான் தூவினாள். இங்கே ஓடும் பந்தய மோட்டார் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. இரும்புத் தகடு கட்டிய இடது காலைத் தரையில் உரசி, பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டுத்தான் திரும்ப வேண்டும். சறுக்கும் சக்கரம் பொடியை வேலிவரை வாரி இறைக்கும். நான்கு பந்தயங்களுக்கு ஒருமுறை டிராக்டரின் பின்னால் இரும்புச் சட்டத்தைக் கட்டி, அந்தப் பொடியைப் பாதை முழுக்க இழுத்துப் பரப்புவது என் வேலை. பதினோரு கோடைக்காலம் பரப்பினேன். ராய் இந்த வளைவில் மட்டும் இல்லை. காலையிலிருந்து மண்ணை ஏற்றிக்கொண்டு வெளியேறிய ஆறு லாரிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் போய்விட்டான்.

“இந்த இடந்தானே, லென்?”

“இதே இடந்தான், எட்னா.”

மண்வாரிக்காரன் தலையை நீட்டுகிறான். “இன்னும் எவ்ளோ நேரம்மா? டீ ஆறிப்போச்சு.”

“நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணவரைத் தேடறேன்ப்பா. நீ வேற டீ போட்டுக்கோ.”

தூறல் விழுகிறது. கல்பொடி கருஞ்சிவப்பாகிறது. அவள் நிமிராமலே சொல்கிறாள்: “பொய் சொல்லாத, லென். டிராக்டர் ஓட்டினது நீதானே.”

கரண்டி நிற்கவில்லை. கடைசியில் டப்பா நிரம்பி, மூடி பொருந்தாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நான் குனிந்து, இரண்டு கைகளாலும் அதை அழுத்துகிறேன்.