கேப்பிட்டல் சண்டை

பிளாரன்ஸ் அக்கா மேல் ஹாரிஸுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

தூத்துக்குடி துறைமுகத்துக்குச் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிற சின்ன கம்பெனி அது. கப்பல்காரர்கள் வந்துசேரும் நேரத்தை ஈ.டி.ஏ., கப்பலின் அடையாள எண்ணை ஐ.எம்.ஓ. என்று எதையும் சுருக்கித்தான் பேசுவார்கள். கோடில் இங்கிலீஷ் வார்த்தைகளை ஒட்டி வைக்கிற பெயர்களில் அந்தச் சுருக்கங்களை முழுக்க கேப்பிட்டல் எழுத்தில், ShipETADate என்று, போட வேண்டும் என்பது ஹாரிஸ் கட்சி. சுருக்கத்தில் முதல் எழுத்து மட்டும்தான் கேப்பிட்டல், மிச்சமெல்லாம் சின்னது, ShipEtaDate என்பது டீம் லீடர் பிளாரன்ஸ் கட்சி. மாற்றி எழுதினால் முகத்தில் அடித்த மாதிரி திருப்பி அனுப்பிவிடுவாள்.

மனுஷன் எத்தனை தடவைதான் பொறுப்பான்? நேரே முதலாளி அண்ணாச்சியிடம் போய் நின்றான். அவர் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஏன் இப்படி ஒத்தக்கால்ல நிக்கிய? காரணத்தச் சொல்லுங்கக்கா" என்றான் ஹாரிஸ்.

பிளாரன்ஸ் வாயைத் திறக்கவில்லை. ஹாரிஸ் விடுவானா? காரணம் ஒன்றும் கிடையாது, எல்லாம் அதிகாரத் திமிர் என்று எல்லார் முன்னாலும் போட்டுக் காய்ச்சினான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

யார் பக்கம் என்று அண்ணாச்சி கை தூக்கச் சொன்னார். ஹாரிஸுக்கு முதல் கை தூக்கியது பக்கத்து சீட்டு ரெக்ஸ் அண்ணன். பிளாரன்ஸோடு இத்தனை வருஷம் வேலை பார்த்த மனுஷனே தூக்கிய பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

லீடர் பொறுப்பையும் அண்ணாச்சி ஹாரிஸ் கையில் கொடுத்துவிட்டார். பயலுக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானத்துக்குள் அத்தனை பெயரையும் மாற்றித் தள்ளிவிட்டான்.

சாயங்காலம் ரெக்ஸ் பையும் கையுமாக வந்து, நாளையிலிருந்து வேலைக்கு வரவில்லை என்றார். ஹாரிஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ரெக்ஸ் தன் ஹெட்போனைக் கழற்றி அவன் காதில் மாட்டினார். அவர் பாட்டுக் கேட்கிறார் என்றுதான் ஆபீஸே நினைத்திருந்தது. உள்ளே ஒரு கம்ப்யூட்டர் குரல், திரையில் இருந்ததை வாசித்துக்கொண்டிருந்தது. ஹாரிஸ் மாற்றிய பெயர்கள் வந்த இடமெல்லாம் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வாய் நிறைய சோற்றை வைத்துப் பேசுகிற மாதிரி குழறியது. ஒரு எழவும் விளங்கவில்லை.

"ஆள் தெரியுதுலே, நடமாடுதேன். எழுத்துதான் தெரியல. ஒரு வருஷமா காதாலதான் படிக்கேன். முதல் எழுத்து மட்டும் பெருசா இருந்தாத்தான் இது பிரிச்சு வாசிக்கும். பிளாரன்ஸுக்கு மட்டும் தெரியும். வெளிய தெரிஞ்சா வேலை போயிரும்னு, யார்ட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கியிருந்தேன்."

ஹாரிஸ் ஹெட்போனைக் கழற்றி அவர் கையில் கொடுத்தான்.

"அப்புறம் ஏண்ணே எனக்குக் கை தூக்குனிய?"

"காரணம் சொல்லு, காரணம் சொல்லுன்னு அவளப் போட்டு வதைச்சியேலே. எனக்காக அவ அவமானப்பட்டு நிக்கா. அத நிறுத்த எனக்கு வேற வழி தெரியல."