கடைசி வாங்கு

வசந்தினிக்குத் தலைக்கனம் என்று கோயிலடியில் எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள்.

திருநாள் பூசையில் தனியாகப் பாட யார் வருகிறீர்கள் என்று சுவாமியார் கேட்டபோது, பாடகர் குழு முழுவதும் தங்களுக்குத் தகுதியில்லை என்று நிலத்தைப் பார்த்தது. வசந்தினி மட்டும் எழும்பினாள்.

"நான் பாடுறன் சுவாமி. எனக்கு நல்லா வரும்."

திருநாளுக்கு மன்னாரிலிருந்துகூடச் சனம் வரும். அவ்வளவு பேரும் கேட்கப் பாடவேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயது ஆசை. அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

போதாக்குறைக்கு, பூசைக்கு வந்தால் எப்போதும் பீடத்துக்கு முன்னால் போட்டிருக்கிற முதல் வாங்கில்தான் குந்துவாள்.

"முன்னுக்குக் குந்தியிருந்து ஆருக்கடி படம் காட்டுறாய்?" என்று மார்கிரட் அக்கா கேட்டதற்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் தலைக்கனத்தில் சேர்ந்தது.

அந்தக் கிழமைதான் சுவாமியார், விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில் இருங்கள் என்று பிரசங்கம் வைத்தார். வந்தது வினை.

அடுத்த ஞாயிறு கடைசி வாங்குக்கு அடிபிடி. பங்குச்சபைத் தலைவர் கனிசியஸ் மணியடிக்க முதலே வந்து முகம் துடைக்கிற லேஞ்சியை விரித்து இடம் பிடித்தார். சபைச் செயலாளர் ஜஸ்ரின் அந்த லேஞ்சியை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, மனைவியின் குடையை வைத்தார். யாருக்குத் தாழ்மை அதிகம் என்று நெருக்குப்பட்டதில் வாங்கின் கால் முறிந்தது. கல் முண்டு கொடுத்துவிட்டு மறுபடி நெருக்கினார்கள்.

முதல் வாங்கில் வசந்தினி தனியே.

பூசை முடிய கனிசியஸ் வந்தார்.

"சுவாமி, திருநாள் பாட்டைக் கடைசி வாங்கிலை இருக்கிற ஒராளுக்குத்தான் குடுக்கவேணும்."

அந்த ஒராள் ஆர் என்று சுவாமியார் கேட்டார். கனிசியஸ் தொண்டையைச் செருமினார்.

சுவாமியார் ஒரு கிழமை தவணை கேட்டார்.

மறு ஞாயிறு கோயிலே தலைகீழ். சுவாமியார் பீடத்தைப் பெரிய வாசலடிக்கு மாற்றியிருந்தார். வாங்குகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தன. காலால் மிதிக்கிற பழைய ஆர்மோனியம் மட்டும், பாரம் என்பதால், வசந்தினியின் வாங்கடி மூலையிலேயே கிடந்தது. கல் முண்டு கொடுத்த வாங்கு இப்போது பீடத்துக்கு முன்னால், முதலாவதாக.

கனிசியஸ் கொஞ்சம் யோசித்தார். பிறகு லேஞ்சியை விரித்து அதிலேயே இருந்தார். ஜஸ்ரினும் குடையோடு வந்து ஒட்டிக்கொண்டார்.

"கனிசியஸ், கடைசி இடம் இப்ப அங்கையெல்லே?"

"தெரியும் சுவாமி. ஆனா இடம் மாறினால், தாழ்மையைக் காட்டித் திரியிறன் எண்டு சனம் கதைக்கும்."

சுவாமியார் நிமிர்ந்து கோயிலின் மறுகோடித் தொங்கலைப் பார்த்தார். தன் பழைய வாங்கிலேயே, இப்போது எல்லாருக்கும் பின்னால், வசந்தினி.

"திருநாளுக்கு நீதான் பாடுறாய், பிள்ளை. எழும்பி முன்னுக்கு வா."

அவள் அசையவில்லை.

"பாடுறன் சுவாமி. ஆனா இஞ்சை இருந்துதான். ஆர்மோனியம் இஞ்சையெல்லே கிடக்கு, தள்ளிப்போனால் எனக்குச் சுருதி பிடிபடாது."