ஐம்பது நிமிடத்துக்குள்

ஆறாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியதும் கேரல் ஓட்டத்தை நிறுத்தினாள்.

கூடவே ஓடி வந்த நோயலும் நின்றான்.

தொம்மலூர் மேம்பாலத்தை ஒட்டிய சாலை. ஞாயிற்றுக்கிழமை காலை. பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்காக ஒரு பக்கம் போக்குவரத்தை மறித்திருந்தார்கள். நெஞ்சில் எண் குத்திய ஆட்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

"இங்கதானா?" என்று கேட்டாள் கேரல்.

நோயல் தலையசைத்தான்.

போன வருடம் இதே ஓட்டத்தில், இந்த நடைபாதையோரம்தான் அவள் கணவர் ஆம்ப்ரோஸ் விழுந்தார். நாற்பத்து நான்கு வயது. ஆம்புலன்ஸ் வந்தபோது மூச்சு இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

அவர்கள் சபையில் ஓட்டக் குழுவை ஆரம்பித்ததே ஆம்ப்ரோஸ்தான். காலை ஐந்தரைக்கு ஆலய வாசலில் எட்டுப் பேர் கூடுவார்கள். ஜெபம் ரொம்பச் சின்னது. முடித்துவிட்டு அவர் தினமும் சொல்வது ஒன்றுதான்.

"நேத்து நல்லா ஓடினாலும் சரி, மோசமா ஓடினாலும் சரி, அது நேத்தோட போச்சு. ஆண்டவர் இன்னிக்குப் புதுசா ஒரு காலையைக் கொடுத்திருக்கார். வாங்க."

நோயல் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். குழுவில் சேர்ந்தபோது தொண்ணூற்றாறு கிலோ. முதல் நாள் ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். ஆம்ப்ரோஸும் அவன் பக்கத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு வருடத்தில் பத்து கிலோமீட்டர் ஓடினான். ஐம்பது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் ஒவ்வொரு தடவையும் அரை நிமிடத்தில் தவறிப்போனது. போன வருட ஓட்டத்தன்று, "இந்த வாட்டி நான் உன் பின்னாலயே வர்றேன்டா, நீ முடிச்சிடுவே" என்றார் ஆம்ப்ரோஸ்.

முடித்தான். நாற்பத்தொன்பது நிமிடம், ஐம்பத்திரண்டு விநாடி.

அவர் பின்தங்கிவிட்டார் என்று நினைத்ததாக எல்லோரிடமும் சொன்னான். உன் மேல் என்னப்பா தப்பு என்றார்கள். போதகர் அவன் தலையில் கை வைத்து ஜெபித்தார்.

மூன்று மாதம் கழித்து கேரல் ஆலய வாசலில் வந்து நின்றாள். புது ஷூவின் அடியில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படாமல் இருந்தது.

"எனக்கு ஓடக் கத்துக்கொடு, நோயல். அவர் விட்டுட்டுப் போன நாலு கிலோமீட்டரை நான் முடிக்கணும்."

கற்றுக்கொடுத்தான். ஒரு நாள் தவறாமல் ஈஜிபுராவில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றான். தம்பிகூட இப்படிச் செய்ய மாட்டான் என்றது சபை. ஆம்ப்ரோஸ் சொல்லிவந்ததை இப்போது நோயல்தான் தினமும் சொல்ல வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு அந்தக் காலை புதிதாகவே விடிந்தது. அவனுக்கு விடிந்ததெல்லாம் ஒரே காலைதான். இதே வளைவு, இதே சாத்திய மருந்துக்கடை, முதுகுக்குப் பின்னால் இதே காலடிச் சத்தம். பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் போவது.

தண்ணீர் கொடுக்க நின்ற பெண் இவர்களைப் பார்த்துக் கை தட்டினாள். "நில்லபேடி, ஓடி!" என்று கன்னடத்தில் கத்தினாள். நிற்காதீர்கள், ஓடுங்கள்.

கேரல் நகரவில்லை. அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை இல்லை. முகத்தில் வியர்வை மட்டும் வழிந்தது.

"விழுந்ததும் உயிர் போயிருக்கும், ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றாள். "அதை நெனச்சுத்தான் தூங்குறேன். யாரையும் கூப்பிடாம, நிம்மதியா போயிட்டாருல்ல?"

ஆமாம் என்றால் போதும். ஒரு வருடமாக அந்த ஆமாமைத்தான் அவன் எல்லோருக்கும் கொடுத்துவந்தான். இப்போதும் அது நாக்குவரை வந்தது.

"இல்லக்கா. கூப்பிட்டாரு."

கேரல் நிமிர்ந்தாள்.

"யாரை?"

"என்னைத்தான்."

ஓடி வந்த ஒருவர் நோயலின் தோளில் இடித்து, ஸாரி சொல்லிப் போனார். அவன் கவனிக்கவில்லை.

"பத்தடிதான்கா முன்னாடி போயிட்டிருந்தேன். வாட்ச்ல முப்பது நிமிஷம்கூட ஆகல. அந்த வேகத்துல போனா முடிச்சிடலாம். என்னை வெரட்டுறதுக்குத்தான் கூப்பிடுறாருன்னு நெனச்சேன்."

தலை குனிந்துகொண்டான்.

"அப்படி நெனச்சேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா குரல் அப்படி இல்லக்கா."

கேரல் அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"எத்தனை வாட்டி கூப்பிட்டாரு?"

"மூணு வாட்டி."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். உதடுகள் அசைந்தன. ஜெபிக்கிறாள் என்று நினைத்து நோயலும் கைகளைக் கோத்துக்கொண்டான்.

பிறகுதான் அவள் சொல்வது காதில் விழுந்தது. அந்தக் கடைசிக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று, அவன் பெயரை ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் சன்னமாக, அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.